நாட்டு மரம் நடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் வேரைப் பாருங்கள்

போன மாதம் நண்பர் ஒருவர், புதிதாக வாங்கிய மனையில் மரம் நட என்னைக் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் குட்டி யானை வண்டியிலிருந்து பன்னிரண்டு கன்றுகள் இறங்கிக்கொண்டிருந்தன. புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு. ஒவ்வொன்றும் ஆளுயரம். "எல்லாமே நாட்டு மரம்தாண்ணே, ஒண்ணுகூட வெளிநாடு இல்லை" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நானும் இதே மாதிரி வண்டி வைத்து இறக்கியவன்தான்.

தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆடு மேய விடுவது இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு மரம் என்றால் நம் மண்ணின் மரம் என்று நினைப்பது

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடிகொடிகளின் பெயரிலேயே பிரித்தவர்கள் நம் ஆட்கள். ஒரு நிலத்தில் தழைப்பது அடுத்த நிலத்தில் தழைக்காது என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. நாம் மட்டும் 'தமிழ்நாட்டு மரங்கள்' என்று ஒரே பட்டியலாகப் போட்டு, நீலகிரிச் சோலைச் செடியைச் சமவெளி வெயிலில் கொண்டுவந்து நட்டுக் கருக விடுகிறோம்.

கடலோர மணலுக்குப் புன்னை, பூவரசு, தாழை. வறண்ட செம்மண்ணுக்கு உசிலை, வெப்பாலை, ஆவாரை. ஆற்றோரம், ஏரிக்கரை என்றால் மருது, நாவல், புங்கன். இதுவும் தோராயம்தான். சரியான பட்டியல் வேண்டுமானால் உங்கள் ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். கண்மாய்க் கரையில், கோயில் காட்டில், பழைய வரப்பில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் என்ன நிற்கிறது? அதுதான் பட்டியல். ஊர்ப் பெயரையும் கொஞ்சம் கவனியுங்கள். இலுப்பூர், புன்னைநல்லூர், நாவலூர், பனையூர் என்று பெயர் வைத்தவர்கள் கண்ணில் பட்டதைத்தானே வைத்திருப்பார்கள்.

ஆளுயரக் கன்று வாங்குவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆறாத விஷயம் இது.

அப்போது செம்மண் நிலத்தில் ஆறு புங்கன் நட்டேன். ஒவ்வொன்றும் ஏழு அடி. நட்ட அன்றே தோப்பு மாதிரி இருந்தது. முதல் வருடம் துளிர்த்தன. இரண்டாம் வருடம் அப்படியே நின்றன. மூன்றாம் வருடம் பங்குனியில் என் மரங்கள் இலை சுருண்டு நிற்க, இருபது அடி தள்ளி வரப்பில் தானாக முளைத்த புங்கன் பளபளவென்று புதுத்தளிர் விட்டிருந்தது. அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட யாரும் ஊற்றியதில்லை. என் மரங்களுக்கு நான் வாரம் இரண்டு முறை குடத்தில் சுமந்தேன். மண் சரியில்லையோ, நோயோ என்று என்னென்னவோ யோசித்தேன். வேரை மட்டும் யோசிக்கவில்லை.

நான்காம் வருடம் ஐப்பசியில் இரண்டு மரங்கள் சாய்ந்துவிட்டன. புயலெல்லாம் இல்லை, சாதாரண மழைக்காற்றுதான். ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. நாலு வருட மரம், ஒற்றை ஆள் இழுப்புக்கு வந்துவிட்டது. கீழே பார்த்தால் வேர் அப்படியே நாற்றுப் பையின் வடிவத்தில் இருந்தது. கட்டைவிரல் தடிமனுக்கு வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, தலையில் வைக்கும் சும்மாடு போல. சுருளுக்குள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று இன்னும் சிக்கிக் கிடந்தது. மற்ற நான்கையும் தோண்டிப் பார்த்தேன். எல்லாம் அதே கதை. குழியைத் தாண்டி ஒரு முழம்கூட வேர் போகவில்லை.

நடந்தது என்னவென்றால், புங்கன், வேம்பு, இலுப்பை போன்றவை முளைத்ததும் இலையைவிட வேருக்குத்தான் முதலில் வேலை கொடுக்கும். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். பையில் இருந்தால் சில மாதங்களிலேயே அடியைத் தொட்டு, போக இடமில்லாமல் திரும்பிச் சுற்ற ஆரம்பிக்கும். இளசாக இருக்கும்போது பிரித்துவிடலாம். மரமாக முற்றிய பிறகு அந்தச் சுற்று தானாக நிமிராது. வேர் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று நெரிக்கும். 'நாட்டு மரத்துக்குத் தண்ணீரே வேண்டாம்' என்று சொல்வது, ஆழத்தில் உள்ள ஈரத்தை எட்டிப் பிடித்த வேருக்குத்தான் பொருந்தும். சும்மாடு சுற்றிய வேருக்கு நாட்டு மரமும் ஒன்றுதான், வெளிநாட்டு மரமும் ஒன்றுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வெளிநாட்டு மரங்களான குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள், நாட்டு மரம் என்றால் சாயாது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் புங்கன்கள் சாய்ந்தன. அதற்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாற்றுப்பண்ணையில் பைகளை நெடுநாள் ஒரே இடத்தில் வைத்திருந்தால் வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கிவிடும். விற்கும்போது வெடுக்கென்று பிடுங்குவார்கள், ஆணிவேர் அறுந்துவிடும். வாங்கும் முன் பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். தடிமனாக வெட்டுப்பட்ட வேர்முனை தெரிந்தால் அந்தக் கன்று வேண்டாம். எனக்கு விற்றவருக்கும் இது தெரிந்தே இருந்தது. பிறகு ஒருநாள் கேட்டபோது, "பெருசா இருந்தாத்தானே சார் வாங்குறாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை. மரம் நடும் விழாக்களிலும் கன்றின் உயரத்தோடு படம் எடுக்கிறார்கள், வேரை யாரும் பார்ப்பதில்லை.

சரி, என்ன செய்வது? ஓர் அடியிலிருந்து இரண்டு அடி வரை உள்ள கன்று போதும். பையைப் பிளேடால் நெடுக்கக் கிழித்து முழுதாக எடுத்துவிடுங்கள். சுற்றியிருக்கும் வேர் நூல் போல இருந்தால், மண்கட்டியின் பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு நடலாம். பென்சில் தடிமனுக்குச் சுற்றியிருந்தால் நடாதீர்கள்.

அதைவிட நல்லது, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதை போடுவது. வேப்பங்கொட்டை புதிதாக இருக்க வேண்டும், பழம் உதிர்ந்து ஓரிரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். நாள்பட்டால் முளைப்பு போய்விடும். இலுப்பை, நாவல் விதைகளும் அப்படித்தான். புங்கன் விதை சில மாதங்கள் தாங்கும். சரக்கொன்றை விதைக்கு ஓடு கெட்டி, சொரசொரப்பான கல்லில் தேய்த்து ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். குழிக்கு இரண்டு மூன்று விதை, ஒரு விரற்கடை ஆழம், சுற்றிலும் முள். நான் அந்த ஆறு குழிகளிலும் புங்கன் விதைதான் திரும்பப் போட்டேன். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் ஊற்றவே இல்லை. இன்று நண்பகலில் அவற்றின் நிழலில் கட்டில் போட்டுப் படுக்கலாம்.

குழி முழுக்க உரம் போடுவது

பாசத்தில் செய்வது. மூன்றடிக் குழி வெட்டி, தோண்டிய மண்ணைத் தள்ளிவிட்டு, எருவும் தென்னைநார்க் கழிவுமாக நிரப்புகிறார்கள். வேருக்குக் குழிக்குள்ளேயே எல்லாம் கிடைக்கிறது, அது ஏன் கெட்டியான மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே போகப் போகிறது? கரிசலிலும் களிமண்ணிலும் இன்னும் மோசம். சுற்றிலும் இறுகிய மண், நடுவில் பஞ்சு மாதிரி உரம். மழை பெய்தால் குழி தொட்டியாகிவிடும், வேர் அழுகும். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். எருவை மேலே பரப்புங்கள், மழை அதைக் கீழே கொண்டுபோகும்.

பெயரை மட்டும் கேட்டு வாங்குவது

'கொன்றை' என்று கேட்டால் சரக்கொன்றையும் வரலாம், மஞ்சள் கொன்றையும் வரலாம். முன்னது நம்முடையது. பின்னது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, இன்று முதுமலைக் காட்டில் பரவி, வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கும் மரம். பூக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். சரக்கொன்றையில் பூ சரமாகத் தொங்கும், மஞ்சள் கொன்றையில் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். கன்றாக இருக்கும்போது இலையைப் பாருங்கள். சரக்கொன்றைக்குப் பெரிய, அகன்ற சிற்றிலைகள், ஒரு காம்பில் எட்டு ஜோடிக்குள் இருக்கும். மஞ்சள் கொன்றைக்குச் சின்னச் சின்ன இலைகள், ஜோடிகள் அதிகம்.

பெயருக்கு முன்னால் 'சீமை' இருந்தால் கடல் கடந்து வந்தது என்று பொருள். சீமைக்கருவேலம் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும்.

இலையைப் புழு தின்றதும் மருந்து அடிப்பது

கொன்றையையும் ஆவாரையையும் தின்னும் பச்சைப்புழு நாளைக்கு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. எருக்கில் கோடு கோடாக ஊர்வதும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் புழுதான். என் கொன்றைக் கன்று ஒருமுறை ஓர் இலைகூட இல்லாமல் குச்சியாக நின்றது. மூன்றே வாரத்தில் திரும்பத் துளிர்த்தது. மருந்து வேண்டாம், பொறுமையாக இருங்கள்.

சித்திரையில் நடுவது

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. முதல் மழை மண்ணை நனைத்ததும் நடுங்கள்.

சருகைக் கூட்டி எரிப்பது

வேண்டாம்.

காட்டிலிருந்து பிடுங்கி வருவது

கூடவே கூடாது. விதை பொறுக்கப் போவதென்றால்கூட வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாட்டுச் செடி என்றால் ஆபத்தில்லை என்று நம்புவது

செங்காந்தள் நம் மாநில மலர். கார்காலத்தில் வேலியில் ஏறிப் பூத்தால் கண்ணெடுக்க முடியாது. அதன் கிழங்கு உயிரைக் கொல்லும் நஞ்சு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரத்தின் பாலும் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அது பிச்சாவரத்துச் சதுப்பிலேயே இருக்கட்டும். செங்காந்தளை நடுவதானால் குழந்தைகள் கைபடாத பின்வேலியில் நடுங்கள். கிழங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.