நாய்க்கு நல்லது என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

நாய் நொண்டுகிறது. ராத்திரி மணி பத்து. மருத்துவரைக் காலையில்தான் பார்க்க முடியும். அலமாரியைத் திறந்தால் பாராசிட்டமால் இருக்கிறது. நமக்கு வலி போகிறதே, அதற்கும் போகாதா, ஒரே ஒரு மாத்திரைதானே என்று உணவுக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. நம் உடம்பையும் மனதையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு அதன் உடம்பையும் மனதையும் அளக்கிறோம். தப்பு அங்கேதான் நுழைகிறது.

அந்த மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். 500 மில்லிகிராம் என்பது வளர்ந்த மனிதருக்கான அளவு. 60 கிலோ மனிதரோடு ஒப்பிட்டால், 6 கிலோ நாய்க்கு அந்த ஒரு மாத்திரை பத்து மாத்திரைக்குச் சமம். அளவு மீறிய பாராசிட்டமால் நாயின் கல்லீரலைச் சிதைக்கும். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் கெடுக்கும். நாம் போடும் இன்னொரு வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பூனைக்குப் பாராசிட்டமால் மிகச் சிறிய அளவிலேயே உயிரை எடுத்துவிடும்.

பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. நாய்களுக்கென்றே வலி மருந்துகள் மருத்துவரிடம் உண்டு. ஆனால் இரவே ஐபுப்ரோஃபென் போன்ற ஒன்றை நீங்கள் கொடுத்துவிட்டால், காலையில் அவரால் தன் மருந்தை உடனே கொடுக்க முடியாமல் போகலாம். இரண்டும் சேர்ந்தால் குடலும் சிறுநீரகமும் தாங்காது. அதனால் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். இரவில் நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பாதத்தில் முள்ளோ கண்ணாடித் துண்டோ இருக்கிறதா, நகம் உடைந்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஓடவோ படியேறவோ விடாமல் ஓரிடத்தில் படுக்க வையுங்கள்.

தட்டிலிருந்து ஒரு துண்டு

உணவிலும் இதே கதைதான். சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமினை நம் உடம்பு வேகமாகக் கழித்துவிடும். நாயின் உடம்பில் அதில் பாதி கழியவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதற்குள் இதயம் தாறுமாறாக அடிக்கத் தொடங்கலாம், வலிப்பு வரலாம். சாக்லேட் எவ்வளவு அடர்நிறமோ அவ்வளவு ஆபத்து.

சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசைகள், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகள் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அதைச் சர்க்கரை என்று நினைத்து நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டிவிடும். பல நாய்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து, கால் தள்ளாட ஆரம்பிக்கும். வாங்கும் பொருளின் உறையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் இங்கே நாயின் உயிரைக் காப்பாற்றும். நம் பற்பசையை நாய்க்குத் தேய்க்கவே கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும். "போன தடவை தின்றது, ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதத்தை இதில்தான் அதிகம் கேட்கிறேன். எந்த நாய்க்கு எத்தனை பழம் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு நாய் ஒரு கொத்தையே தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே சாகக் கிடக்கும். வெங்காயமும் பூண்டும் இன்னும் தந்திரமானவை. பச்சையாக இருந்தாலும் வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். அறிகுறி சில நாள் கழித்துத்தான் வரும்: சோர்வு, வெளுத்த ஈறு, அடர்நிறச் சிறுநீர். அதற்குள் என்ன சாப்பிட்டது என்பதே நமக்கு மறந்திருக்கும். சமைத்த எலும்பையும் விட்டுவிடுங்கள். அது கூர்மையான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

விஷம் எதையாவது தின்றுவிட்டால் உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த உப்பே மூளையைப் பாதித்து நாயைக் கொல்லக்கூடும். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். மீதி உறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உறுமலை அடக்காதீர்கள்

இதை நான் என் வீட்டிலேயே தவறாகச் செய்தேன். எங்கள் செவலைக்கு அப்போது ஆறு வயது. காலையில் கழுத்துப்பட்டை மாட்டப் போனபோது மெல்ல உறுமியது. "யாரைப் பார்த்து உறுமுகிறாய்" என்று அதட்டினேன். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் அது உறுமவில்லை. உதட்டை ஒருமுறை நக்கியது, தலையை லேசாகத் திருப்பிக்கொண்டது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது. சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரமே என் கையைக் கடித்தது.

மருத்துவர் அதன் இடது காது மடலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காப்பித்தூள் ஈரமானதுபோலக் கறுப்பாக அழுக்கு, புளித்த வாடை. காதின் உள்குழாய் வீங்கிச் சிவந்திருந்தது. பட்டையை மாட்டும்போதெல்லாம் என் கை அந்தக் காதில் உரசியிருக்கிறது. வலிக்கிறது என்று மூன்று நாள் அது எனக்குத் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னது. சொல்லாதே என்று நான்தான் அதற்குக் கற்றுக்கொடுத்தேன்.

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அதட்டி அடக்கினால் கோபமோ வலியோ பயமோ போய்விடாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அடுத்த தடவை கடி நேராக வரும். நாய் உறுமினால் கையை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். எதற்கு உறுமியது என்று அப்புறம் யோசியுங்கள். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று எரிந்து விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது உடம்பைத்தான்: பல், காது, மூட்டு, முதுகு. பயிற்சியாளரை அப்புறம் தேடலாம்.

வாலாட்டுவதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். வால் ஆடினால் நட்பு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உடம்பு முழுக்க நெளிந்து, வால் தளர்வாக ஆடினால் அப்படிச் சொல்லலாம். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து சிறுசிறு அசைவாகத் துடித்தால் அது வேறு செய்தி. அந்த நாயைத் தொடக் கூடாது.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டால் நாயை இழுத்து வந்து மூக்கை அதில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. தின்னக் கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போவார். நாய் அதைத் தின்றது என்று சில நேரம் அவரிடம் பொய்யாகவும் சொன்னார்கள். அந்தக் "குற்ற உணர்ச்சி முகம்" நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. சொல்லப்போனால், தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தை அதிகம் காட்டின. நாம் பார்ப்பது பயத்தை. பத்து நிமிடம் முன்பு செய்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் நாயால் முடிச்சுப் போட முடியாது. ஆட்கள் இருக்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து என்றுதான் அது கற்றுக்கொள்ளும். பிறகு கட்டிலுக்கு அடியில் போய் ரகசியமாகக் கழிக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே அழைத்துப் போங்கள். கழித்த அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். வேலை இவ்வளவுதான், ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

"நீதான் தலைவன் என்று காட்டு, புரட்டிப் போட்டு அழுத்து" என்ற அறிவுரைக்கு வேர் 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தது கூண்டில் அடைபட்ட ஓநாய்களை. அந்தக் கருத்தைத் தன் 1970-ஆம் ஆண்டு நூலால் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலம் கவனித்துவிட்டு, 1999-இல் அதைத் திருத்தினார். ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் பிள்ளைகளும்தான், தலைமைக்கான சண்டைக்களம் இல்லை என்றார். அவரே கைவிட்டதை நாம் வரவேற்பறையில் நாயிடம் செய்துகொண்டிருக்கத் தேவையில்லை.

ஒரு ஊசி போட்டாச்சு, போதும்

போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் அது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நடுவில் விட்டால் அந்த இடைவெளியில்தான் குட்டிகளைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளிக் கொல்லும் பார்வோ நோய் நுழையும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

இதைக் கேட்டுப் பயந்து, ஊசிகள் முடியும்வரை குட்டியை அறைக்குள்ளேயே பூட்டி வைப்பது எதிர்த்தவறு. சுமார் 3 முதல் 14 வாரம் வரைதான் உலகம் பயமில்லாத இடம் என்று அது எளிதாகக் கற்கும் காலம். கையில் தூக்கிக்கொண்டு போங்கள். வண்டிச் சத்தம், குடை, கண்ணாடி போட்டவர், குழந்தை என்று எல்லாவற்றையும் பார்க்கட்டும். பிற நாய்கள் நடமாடும் தரையில் மட்டும் விட வேண்டாம்.

ரேபிஸ் ஊசி வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கும் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், அது நம் நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி வந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம்.

வெயிலும் எடையும்

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெளியே 24 டிகிரி இருக்கும்போது நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் 34 டிகிரியை ஒட்டிப் போய்விடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிய பயன் இல்லை. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழும். மயங்கினால் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். குளிர வைத்த பிறகு, அல்லது குளிர வைத்துக்கொண்டே, மருத்துவரிடம் கிளம்புங்கள்.

எடையைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன். 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. உங்கள் நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தராசு வேண்டாம். கையை விரித்து, மறு கை விரலால் புறங்கையைத் தடவுங்கள். விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. முஷ்டி பிடித்தால் புடைக்கும் முட்டிகள் மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கையின் சதை மாதிரி அமுங்கினால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் குறைக்க வேண்டியது தட்டை அல்ல, நாள் முழுக்க ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் பிஸ்கட்டை.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாதவை

வயிறு உப்பி, வாந்தி வருவதுபோல் ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இது அதிகம் வரும். காத்திருந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்துபோய்த் தண்ணீராகக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே எதுவும் கசியாமலும் இது இருக்கும். ஈறு வெளுத்திருந்தாலும் அன்றே கிளம்ப வேண்டும்.

வயதான நாய்க்கு ஒன்று மட்டும் வாரம் ஒருமுறை செய்யுங்கள். அது ஆழ்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நலமாக இருக்கும் நாய்க்கு 30-க்குக் கீழேதான் வரும். தாண்டினால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் அது இதயமோ நுரையீரலோ சொல்லும் செய்தி. அன்றைக்கே மருத்துவரை அழைத்து, குறித்து வைத்த எண்களைப் படித்துக் காட்டுங்கள்.