அற்புதப் பகுதிகளை வேதபாட வகுப்பில் வாசிப்பது எப்படி

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பெண்களுக்கான வேதபாட வகுப்பு நடக்கும். பதினேழு ஆண்டுகளாக அதை நடத்திவருகிறேன். அதற்கு முன்பு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது அந்தக் கேள்வி வந்துவிடும்: "அக்கா, இது எழுதியிருக்கிறபடியே நடந்ததா?" கேட்பவள் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பெண்ணாக இருப்பாள். பக்கத்தில் இருக்கும் அவளுடைய அம்மா உடனே அவள் கையைப் பிடித்து அழுத்துவார். முன்பெல்லாம் நானும் "விசுவாசம் வேண்டும், மகளே" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன். அப்படி நான் வாயடைத்த பெண்களில் இரண்டு பேர் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை.

என்னைப் போல இறையியல் கல்லூரிக்குப் போகாமல், வேதாகமத்தையும் ஒரு நோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேள்வி வந்தவுடன் அதைப் பலகையில் எழுதிவிடுங்கள். அழிக்காதீர்கள். வகுப்பு முடிவதற்குள் அதற்கு வருவேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பிறகு எல்லாரையும் பகுதியை மறுபடியும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, இது பாட்டா, வரலாறா, உவமையா, கண்டவர் சொன்ன சாட்சியா என்று கேளுங்கள். அற்புதம் என்றாலே எல்லாம் ஒரே வகை எழுத்து என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

யோசுவா பத்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். சூரியன் கிபியோன்மேலும் சந்திரன் ஆயலோன் பள்ளத்தாக்கிலும் நிற்கின்றன. அந்த வரிகள் யாசேரின் புத்தகம் என்ற பழைய நூலில் உள்ளவை என்று அந்த அதிகாரமே சொல்கிறது. மூலமொழியில் அவை செய்யுளாக இருக்கின்றன. பழைய பாட்டு ஒன்றை எழுதினவர் எடுத்துச் சேர்த்திருக்கிறார். இந்த வசனத்தைக் காட்டித்தான், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை எதிர்த்தார்கள். அவரோ 1615இல் டஸ்கனியின் கிறிஸ்டினா கோமகளுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதே வசனத்தை எடுத்து விளக்கினார். 1633இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரை எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். ஒரு பாட்டை வானியல் பாடமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். அந்த வாசிப்புக்கு ஒரு முதியவர் கொடுத்த விலை பெரியது.

யாத்திராகமத்தில் இன்னும் நல்ல வசதி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சி அடுத்தடுத்து இரண்டு முறை சொல்லப்படுகிறது. பதினான்காம் அதிகாரத்தில் கர்த்தர் இராமுழுதும் பலத்த கீழ்க்காற்றினால் கடலை ஒதுங்கச் செய்தார் என்று இருக்கிறது. பதினைந்தாம் அதிகாரப் பாட்டில் அதே காற்று கர்த்தருடைய நாசியின் சுவாசமாகிறது. இரண்டு பேரை எழுந்து நின்று ஆளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கச் செய்யுங்கள். கடவுளுக்கு மூக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள்; பாட்டு பொய் சொல்கிறது என்றும் யாரும் நினைக்கமாட்டார்கள். காற்று அடித்தது என்பதால் அது தேவனுடைய செயல் இல்லை என்றும் ஆகிவிடாது. இதைச் சொல்லிக்கொடுக்கத் தனி நேரம் தேவையில்லை, வாசித்தாலே விளங்கிவிடும்.

மீன் விழுங்கிய யோனாவின் புத்தகம் பாடம் சொல்வதற்காக எழுதப்பட்ட கதை என்பது என் கருத்து. இயேசுவே யோனாவையும் மீனையும் குறிப்பிட்டாரே என்று மத்தேயு 12:40ஐக் காட்டி அதை வரலாறாக ஏற்பவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் பேசட்டும். ஆனால் மீனின் தொண்டை எவ்வளவு அகலம் என்று நாற்பது நிமிடம் வாதாடிவிட்டு நான்காம் அதிகாரத்துக்கு வராமலே வகுப்பை முடித்துவிடாதீர்கள். ஒரு முறை என் வகுப்பில் அப்படி நடந்தது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும் அத்தனை மிருகங்களும் இருக்கிற பகைவரின் நகரத்துக்காக நான் பரிதபிக்கக்கூடாதா என்று தேவன் கேட்கிறார். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. பதிலை வாசகர்தான் சொல்லவேண்டும். அந்த வாரம் நாங்கள் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமலே வீட்டுக்குப் போனோம்.

அடுத்தது, சொற்களைப் பார்ப்பது. கையில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால் போதும்: 19ஆம் நூற்றாண்டில் பவர் ஐயர் தலைமையில் உருவாகி நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிற பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு மற்றொன்று. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கலியாணத்தைப் பழையது "முதலாம் அற்புதம்" என்கிறது. பொது மொழிபெயர்ப்பு "அரும் அடையாளம்" என்கிறது. யோவான் கிரேக்கத்தில் எழுதிய சொல்லுக்கு அடையாளம் என்பதே நேர்ப்பொருள். அடையாளம் என்றால் அது வேறொன்றைச் சுட்ட வேண்டும் அல்லவா? இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகள். அந்தக் காலத்து அளவின்படி ஏறக்குறைய ஐந்நூறு முதல் எழுநூறு லிட்டர் வரை. ஒரு கிராமத்துக் கலியாணத்துக்கு இவ்வளவு திராட்சரசம் எதற்கு? அது எப்படி மாறியது என்று கேட்கிற பெண்களிடம் ஏன் இவ்வளவு என்றும் கேட்கச் சொல்லுங்கள். யோவான் நம்மை அழைத்துப்போக விரும்புவது அந்தப் பக்கம்தான்.

குஷ்டரோகம் என்ற சொல்லைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் அந்தத் தோஷம் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் கூட வருகிறது. இன்று நாம் தொழுநோய் என்று அறிந்திருக்கும் நோய் சுவரில் வராது. பல தோல் நோய்களையும் பூஞ்சணத்தையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டதால் தொழுநோயாளிகள் பாவத்தின் அடையாளமாகச் சுமந்த அவமானம் கொஞ்சமல்ல. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1940களின் இறுதியில் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் விரிய வைத்தார். சுவிசேஷத்தில் இயேசு தொழுநோயாளியைக் கை நீட்டித் தொட்ட பகுதியை நான் வாசிக்கும்போதெல்லாம் வேலூரையும் சேர்த்துச் சொல்வேன்.

இனி, சந்திரரோகி. மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றிச் சொல்கிறான்: "அடிக்கடி தீயிலும், அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்." இயேசு அவனைக் குணமாக்குகிறார். பொது மொழிபெயர்ப்பில் இது வலிப்பு நோய். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் தங்கை மகனுக்கு ஏழு வயதில் வலிப்பு வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் ஒரு முறை கூட வரவில்லை. பிறகு வெளியூரில் நடந்த ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குத் தங்கை அவனை அழைத்துப்போனாள். இதே நிகழ்ச்சியை மாற்கு ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து வாசித்தார்கள். மேடையில் ஜெபித்தவர், இனி மாத்திரை கொடுப்பது அவிசுவாசம் என்றார். அன்றிரவே தங்கை மாத்திரையை நிறுத்தினாள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பது அவளுக்குத் தெரியாது. பதினோராம் நாள் பிள்ளை குளத்துப் படித்துறையில் நின்றபடியே தண்ணீரில் விழுந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றினார்.

கூட்டத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, மாற்கு ஒன்பதில் இருப்பது அப்படியே நடந்ததுதானே?" "ஆமாம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவளுக்குத் தேவைப்பட்ட பதில் அது மட்டும் அல்ல.

அன்று நான் சொல்லியிருக்கவேண்டியவற்றை இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். இயேசு அந்தத் தகப்பனிடம் முதலில் கேட்டது, "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்பது. பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மருத்துவரும் அதையேதான் கேட்டார். எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று கர்த்தர் சொன்ன பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் போடவைத்தார். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. அவர் கூட இருந்த லூக்கா வைத்தியர். அற்புதங்களை எழுத்தின்படி ஏற்கிறவர்கள் இந்த வசனங்களையும் எழுத்தின்படியே ஏற்கவேண்டும். இந்த ஐந்தையும் நோட்டில் எழுதி, அற்புதப் பகுதி எதை எடுத்தாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் ஒருவருக்கு நடந்தது என்று சொல்வது சாட்சி. அதனால் இன்று உனக்கும் நடந்தே தீரவேண்டும் என்று சொல்வது கடவுளைப் பரீட்சை பார்ப்பது. ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொன்ன பிசாசு சங்கீதம் 91ஐத்தான் மேற்கோள் காட்டினான். மாற்கு 16இல் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று இருப்பதை அப்படியே கட்டளையாக எடுத்துக்கொண்டு அமெரிக்க மலைநாட்டுச் சபைகள் சில பாம்பு பிடித்தன. அந்த வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்து இறந்தார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16:8க்குப் பிறகு உள்ள வசனங்களே இல்லை. பல வேதாகமங்களில் அடிக்குறிப்பில் இது இருக்கும். அடிக்குறிப்பை வாசிக்கப் பழக்குங்கள்.

இரண்டு குறுக்குவழிகள் வகுப்பில் தலைகாட்டும். ஒன்று, அற்புதத்தை மழுப்பிவிடுவது: இயேசு கடலின்மேல் நடக்கவில்லை, கரையோரம் நடந்தார், ஐயாயிரம் பேரும் ஒளித்துவைத்த சாப்பாட்டை வெளியே எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் பவுலுஸ் என்ற அறிஞர் இப்படியெல்லாம் விளக்கினார். நான் இதை ஏற்பதில்லை. நம்பமுடியவில்லை என்று சொல்வது நேர்மை. எழுதினவர் சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவது நேர்மை அல்ல. மற்றொன்று, போலி ஆதாரம். யோசுவாவின் விடுபட்ட நாளை நாசாவின் கணினி கண்டுபிடித்தது என்ற செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நம் தேவனுக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

எழுத்துக்கு அப்பால் பார்ப்பது நவீன காலத்துப் பழக்கம் என்று யாராவது சொன்னால், மூன்றாம் நூற்றாண்டின் வேத அறிஞர் ஓரிகனைச் சொல்லுங்கள். பிசாசு இயேசுவுக்குக் காட்டிய உலகத்தின் சகல ராஜ்யங்களையும் ஒரே மலையிலிருந்து மாம்சக் கண்ணால் காணமுடியுமா என்று அவர் அன்றே கேட்டார்.

இப்போது பலகையில் இருக்கும் கேள்விக்கு வாருங்கள். நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். நான் சொல்வது இது: சூரியன் நின்றதைப் பாட்டாக வாசிக்கிறேன். யோனாவைக் கதையாக வாசிக்கிறேன். இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார் என்று நம்புகிறேன். தண்ணீர்மேல் நடந்ததையும் நம்புகிறேன், எப்படி என்று எனக்குத் தெரியாது. உயிர்த்தெழுதலை மட்டும் நான் உருவகமாக்கமாட்டேன். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே எழுதிவிட்டார். அவர் அதை எழுதியது சிலுவை மரணத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள். கண்டவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அது போய் விசாரிக்க இடம் கொடுக்கிற பேச்சு. பாட்டுக்கும் உவமைக்கும் அப்படி யாரும் எழுதமாட்டார்கள். இதில் உங்கள் கோடு என் கோட்டிலிருந்து வேறு இடத்தில் விழலாம். கோடு எங்கே, ஏன் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். அவள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அடுத்த புதன்கிழமை வருவாள்.

வகுப்பை ஜெபத்தோடு முடியுங்கள், அதுவும் சுகத்துக்காகக் கேட்டு முடியுங்கள். கேட்கக்கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நோயாளியின் தலையில் கை வையுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆமென் சொன்னதும் எழுந்துவிடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாத்திரை தீராமல் இருக்கிறதா, அடுத்த பரிசோதனை எந்தத் தேதி, கூட யார் போகிறார்கள். பதிலை நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் போன வாரம் மூன்று பெயர்கள். ஒருவரோடு துணைக்குப் போக ஆள் இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நான் போகிறேன்.