கூலர் தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள்

ஏர்கூலர் தொட்டியில் குறையக் குறைய ஊற்றுவதோடு நிறுத்தாமல், மூன்று நாளுக்கு ஒருமுறை அடியில் உள்ள மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் தேன்கூடு பேடு (தேன்கூடு போலத் துளைகள் உள்ள அட்டை) சீக்கிரம் பாழாகாது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மேலே மேலே ஊற்றும்போது அது அடர்ந்துகொண்டே போய், பேடில் வெள்ளையாகப் படிந்து காற்று வரும் துளைகளை அடைக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வீணாகிறதே என்று ஆர்.ஓ. கழிவுநீரைக் கூலரில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் உப்பு இன்னும் அதிகம், வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வெளியேற்றும்போது தொட்டியின் உட்சுவரையும் ஒருமுறை தேய்த்துவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளும் போய்விடும். அவை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

மழைநீரோ உப்புக் குறைந்த குழாய்த் தண்ணீரோ ஊற்றுகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும். ஏற்கெனவே கல்லாக இறுகிய படிவு இதனால் கரையாது, பேடை மாற்றத்தான் வேண்டும். மர நார் பேடுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், விலை குறைவு, ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடலாம். சென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில் பேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கூலர் பெரிதாகக் குளிர்விக்காது. வேலூர், கரூர் பக்கத்து வறண்ட வெயிலுக்குத்தான் அது சரி, அங்கும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால்தான்.