அமெரிக்க ஹைஸ்கூலில் ப்ரோ-லைஃப் கிளப் நடத்துவது எப்படி?

அமெரிக்க அரசுப் பள்ளியில் கருக்கலைப்பை எதிர்க்கும் மாணவர் கிளப் தொடங்க நினைப்பவர் போஸ்டருக்கும் பேச்சாளருக்கும் அலைவதற்கு முன், பள்ளியின் கிளப் பட்டியலைக் கையில் வாங்க வேண்டும். பாடத்தோடு சம்பந்தமில்லாத கிளப் ஒன்றாவது அதில் இருந்தால் 1984-ம் ஆண்டின் சம அணுகல் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். மத்திய அரசின் நிதி பெறும் பள்ளி, ஒரு கிளப்புக்கு இடம் கொடுத்துவிட்டு, பேசும் பொருள் அரசியல், மதம், சித்தாந்தம் என்று காரணம் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது. தனியார் பள்ளியில் படிக்கிறீர்களா? அங்கே நிர்வாகம் வைத்ததுதான் சட்டம்.

“எங்கள் செஸ் கிளப் கணக்குப் பாடத்தைச் சேர்ந்தது” என்று மழுப்பும் பள்ளிகள் உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில், கிறிஸ்தவ மாணவர் கிளப்பை மறுத்த ஒரு பள்ளி இதையேதான் வாதாடியது. முக்குளிப்பு கிளப்பை நீச்சல் வகுப்போடு முடிச்சுப் போட்டது. வகுப்பில் நீச்சல் கற்றுத்தருகிறார்கள், முக்குளிப்பு கற்றுத்தரவில்லையே என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. அதனால் மனுவோடு உங்கள் பள்ளியின் கிளப் பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். வாதத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

மனு ஒரு பக்கம் போதும்: கிளப்பின் பெயர், நோக்கம் இரண்டு வரி, கூடும் நாளும் நேரமும், பொறுப்பாளர்கள் பெயர், உறுப்பினர் கையெழுத்து. மற்ற கிளப்புகளுக்கு என்ன படிவமோ அதே படிவத்தில் கொடுங்கள். தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நடைபாதையில் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்ட “இப்போது வேண்டாம்” என்பதை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்ய முடியாது.

பொறுப்பாசிரியர் கிடைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் கொள்கையை ஒப்புக்கொள்ளும் ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. மேற்பார்வைக்காக மட்டும் ஓர் ஆசிரியரை உட்காரவைத்தால் பள்ளி உங்களை ஆதரிப்பதாக ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அதே சட்டம், தன் நம்பிக்கைக்கு மாறான கூட்டத்தில் இருக்கும்படி எந்த ஆசிரியரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே இரண்டு பேரைக் கேட்டு வையுங்கள். ஒருவர் பாதியில் விலகினாலும் கிளப் நிற்காது.

பலர் சறுக்கும் இடம் வெளியாட்கள். சர்ச்சின் இளைஞர் ஊழியரோ, ஏதாவது அமைப்பின் பிரதிநிதியோ வாராவாரம் வந்து கூட்டத்தை நடத்தினால் சட்டப் பாதுகாப்பு போய்விடும். கிளப்பை நடத்துவதும் கட்டுப்படுத்துவதும் மாணவராகவே இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு விருந்தினர் வரலாம், அதுவும் முன்அனுமதியோடு.

போஸ்டரில் தப்பு வருவது பெரும்பாலும் கருவின் வயதைச் சொல்லும் வாரக் கணக்கில்தான். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கருவியல் புத்தகங்கள் கருத்தரித்த நாளிலிருந்து. இரண்டுக்கும் சுமார் 2 வாரம் வித்தியாசம். ஒரு கணக்கில் வாரத்தையும் இன்னொரு கணக்கில் படத்தையும் போட்டால் பயாலஜி டீச்சர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். அதன்பின் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். மருத்துவர் கணக்கில் 12-வது வாரத்தில் கருவின் தலை முதல் பிட்டம் வரை நீளம் 5 முதல் 6 செ.மீ. கையில் கொடுத்துப் பார்க்கவைக்கும் மாதிரி பொம்மை வாங்கினாலும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ரத்தம் தோய்ந்த படங்களை ஒட்டினால் பேச்சு உங்கள் கருத்தை விட்டுவிட்டு படத்தின் மேல் போய்விடும். பள்ளிக்கும் “ஒழுங்கு கெடுகிறது” என்று தலையிட வழி கிடைக்கும். சட்டை, கைப்பட்டை, பேட்ஜ் போன்ற அமைதியான வெளிப்பாட்டை, படிப்புக்குக் கணிசமான இடையூறு இல்லாதவரை, உச்ச நீதிமன்றத்தின் 1969-ம் ஆண்டு டிங்கர் தீர்ப்பு காக்கிறது.

முதல் வருடத்துக்கு ஏற்ற வேலை டயப்பர் சேகரிப்பு. ஃபுட் ஸ்டாம்ப், விக் (WIC, தாய்-சேய் உணவு உதவி) ஆகிய அரசு உதவித் திட்டங்களில் டயப்பர் வாங்க முடியாது. ஏழைத் தாய்மாருக்கு இது மாதாமாதம் விழும் ஓட்டை. கொடுப்பவர்கள் பிறந்த குழந்தைக்கான சின்ன அளவையே ஆசையாக வாங்கிவருவார்கள், குழந்தையோ சில வாரத்தில் அதைத் தாண்டிவிடும். 4, 5, 6 எண் என்று நோட்டீஸில் பெரிதாக எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் வேகம் போய்விடும். பிரித்த பால்பவுடர் டப்பா, காலாவதியானது, பழைய கார் சீட் மூன்றையும் வாங்காதீர்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் கர்ப்ப உதவி மையத்தில் ஸ்கேன் எடுப்பவர் உரிமம் பெற்ற நர்ஸா என்று நேரடியாகக் கேளுங்கள். எல்லா மையமும் மருத்துவ கிளினிக் அல்ல.

ஜனவரியில் வாஷிங்டனில் நடக்கும் ‘மார்ச் ஃபார் லைஃப்’ என்ற கருக்கலைப்பு எதிர்ப்புப் பேரணிக்கு (1974 முதல் நடக்கிறது) போவதானால் பெற்றோர் ஒப்புதல் படிவத்தை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். 10 மாணவருக்கு ஒரு பெரியவர். கூட்டத்தில் போன் சிக்னல் திணறும், எனவே பிரிந்தால் சேரும் இடத்தையும் நேரத்தையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போடுங்கள். பருத்தி சாக்ஸ் ஈரமானால் கால் விறைத்துப்போகும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் 2021 முதல் இதுபோன்ற நிகழ்ச்சிக்கு வருடத்துக்கு ஒரு நாள் விடுப்பு உண்டு. மற்ற இடங்களில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற மாணவரோடு பேச பள்ளியில் கிளப் மேஜை போட்டு உட்காரும்போது ஒன்றை மறக்காதீர்கள்: எதிரில் நிற்பவளோ அவள் அம்மாவோ கருக்கலைப்பு செய்திருக்கலாம். குரல் உயர்ந்தால் வாதத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு மாணவி கர்ப்பம் என்று தனியே வந்து சொன்னால் அதை கிளப் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது, பெயரில்லாமல்கூட. அவளோடு பள்ளியின் மாணவர் ஆலோசகர் (கவுன்சிலர்) அறை வரை நடந்துபோங்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி கர்ப்பத்தைக் காரணம் காட்டி அவளைப் பள்ளியைவிட்டு விலக்க முடியாது, மருத்துவர் தேவை என்று சொல்லும் விடுப்பையும் பள்ளி கொடுத்தாக வேண்டும். அந்த விவரத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி மேஜை இழுப்பறையில் எப்போதும் வைத்திருங்கள்.