துப்பாக்கிப் பதிவேடு தலைப்பில் பேசப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடிக்குப் பேச்சுப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த முறை விழுந்த தலைப்பு: 'தேசியத் துப்பாக்கிப் பதிவேட்டை ஒழிக்க வேண்டும்.' நாலு பேரும் நேராக அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அங்கே சாதாரணத் துப்பாக்கிகளுக்கு அப்படி ஒரு தேசியப் பதிவேடே கிடையாது. அதை உருவாக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இல்லாததை எப்படி ஒழிப்பது? கனடாவை எடுங்கள். பதிவேட்டை வைத்தும் பார்த்து, ஒழித்தும் பார்த்த நாடு அது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டிரைவிங் லைசென்ஸ் ஆளுக்கு, ஆர்.சி. புக் வண்டிக்கு. துப்பாக்கிக்கும் அப்படித்தான்: லைசென்ஸ் ஆளுக்கு, பதிவு துப்பாக்கிக்கு. 2012 ஏப்ரலில் கனடா ஒழித்தது ரைபிள், ஷாட்கன் போன்ற சாதாரண நீளத் துப்பாக்கிகளின் ஆர்.சி. புக்கைத்தான். லைசென்ஸ் அப்படியே இருந்தது, கைத்துப்பாக்கிக்குப் பதிவும் தொடர்ந்தது. இது தெரியாமல் 'கனடாவில் இனி யாரும் துப்பாக்கி வாங்கலாம்' என்று ஆரம்பித்தால், எதிரணி உங்களை முதல் நிமிடத்திலேயே உட்கார வைத்துவிடும்.

ஒழிக்கச் சொல்லும் அணி பணத்தில் ஆரம்பிக்கலாம். 1995-இல் கனடாவில் பதிவேட்டுக்கான சட்டம் வந்தபோது, கட்டண வருமானம் போக அரசுக்கு 20 லட்சம் டாலர்தான் செலவு என்றார்கள். 2002-இல் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர், இது 2004-05-க்குள் 100 கோடி டாலரைத் தாண்டும் என்று அறிக்கை கொடுத்தார். கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த 100 கோடியில் லைசென்ஸ் வேலைக்கான செலவும் சேர்ந்திருக்கிறது. எதிரணி அதைக் கிளறும், பதிலைக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் கிராமத்து ஆள் பக்கம். அங்கே விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் 'எங்களை ஏன் குற்றவாளிபோல நடத்துகிறீர்கள்?' என்று கேட்டார்கள். இதைக் கடலூர் மேடைக்குக் கொண்டுவர என் அப்பா கதையைக் கொடுத்தேன். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு. பன்றிக்கு பயந்து அப்பா லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். நம் ஊர் லைசென்ஸ் புத்தகத்திலேயே துப்பாக்கியின் எண்ணும் இருக்கும், லைசென்ஸும் ஆர்.சி.யும் ஒரே அட்டைக்குள். ஒருமுறை புதுப்பித்தபோது எண்ணில் 3-ஐ 8 என்று எழுதிவிட்டார்கள். தப்பு அவர்களுடையது, அலைச்சல் அப்பாவுடையது. நாலு நடை, ஒவ்வொரு நடையிலும் 'நாளைக்கு வாங்க'. சட்டத்தை மதிக்கிறவன்தான் வரிசையில் நிற்கிறான் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வைத்துக்கொள்ளச் சொல்லும் அணிக்கும் அதே அப்பாதான் உதவினார். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஏட்டு குழலைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படிப்பார். அப்பா புத்தகத்தில் விரல் வைத்து 'சரி, சரி' என்பார். அந்த எண் எழுதப்படாமல் இருந்தால், எந்த வீட்டிலிருந்து எது வர வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? 2019 சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கணக்கே இல்லை என்றால் மூன்றாவதை எப்படிக் கேட்பது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு விநாடி சும்மா நில்லுங்கள்.

1989 டிசம்பர் 6, கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துப் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டதை இந்த அணி கட்டாயம் சொல்ல வேண்டும், 1995 சட்டத்தின் வேர் அங்கேதான். குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். நியூசிலாந்தையும் விடாதீர்கள். 1983-இல் 'ஆளைச் சோதித்தால் போதும்' என்று நீளத் துப்பாக்கிப் பதிவைக் கைவிட்டார்கள். 2019-இல் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரைக் கொன்றவனிடம் லைசென்ஸ் இருந்தது. 2023 ஜூனில் பதிவேடு திரும்பி வந்தது.

இரண்டு அணிக்கும் ஒரு எச்சரிக்கை. 'பதிவேட்டால் கொலை குறைந்தது', 'குறையவில்லை' என்ற சண்டைக்குள் இறங்காதீர்கள். கொலை கூடவும் குறையவும் ஆயிரம் காரணம். நடுவர் கொட்டாவி விடுவார்.

கடைசி நிமிடத்துக்குக் கனடாவின் கியூபெக்கை வையுங்கள். ஒழித்த பதிவேட்டின் தரவை எங்களுக்காவது கொடுங்கள் என்று அந்த மாகாணம் வழக்குப் போட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று மத்திய அரசு பக்கம் தீர்ப்பளித்தது, தரவை அழிக்கலாம் என்று. ஐந்தைப் பிடிப்பதும் நாலைப் பிடிப்பதும் உங்கள் அணியைப் பொறுத்தது.

போன வாரம் பயிற்சி முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அப்பாவோட துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?" அவர் போனதும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம், ரசீது மட்டும் பீரோவில் இருக்கிறது என்றேன். மேடையில் காட்ட வேண்டுமாம். ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.