கெண்டைக்காலை அளந்து பாருங்கள்

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு வலது இடுப்பெலும்பு முறிந்தது. சமவெளியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் காலையில், "இடது கால் கனக்கிறது" என்றார். "படுத்தே இருந்தால் நீர் கோத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் போய்விட்டார்.

என் பையில் இன்ச் டேப் இருந்தது. முழங்காலுக்குக் கீழே 4 அங்குலம் தள்ளி இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளந்தேன். வலது 13, இடது 14½. கத்தி வைத்த காலைவிட வைக்காத கால் தடித்திருந்தது! அதை எழுதிக் காட்டியும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க இரவாகிவிட்டது. முழங்காலுக்குப் பின்னால் இரத்தம் உறைந்திருந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். வீணாய்ப் போன அந்தப் பகலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நோயாளிக்குத் துணையிருப்பவர் நீங்கள் என்றால், முதல் நாளே மருத்துவரைக் கேளுங்கள்: "இரத்தம் உறையாமலிருக்க என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு?" முன்பு உறைவு வந்தது, புற்றுநோய், கருத்தடை மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். வழக்கமாக வயிற்றுத் தோலுக்கடியில் ஹெப்பாரின் வகை ஊசி போடுவார்கள். இரத்தக் கசிவுக்கு அஞ்சி ஊசியைத் தவிர்த்தால், காற்றடைத்துக் கால்களை அழுத்தி விடும் கருவி உண்டு. இரண்டும் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை கொடுத்தால் அளவெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். மேல்விளிம்பு சுருண்டால் கயிறு கட்டியதுபோல் இறுக்கும்.

மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்கவையுங்கள். அதுவரை, விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைத் தசை சுருங்கும்போது இரத்தம் மேலேறும். ஊர் திரும்பிய பிறகு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பதும், குளிருக்குத் தண்ணீரைத் தவிர்ப்பதும் நம் மலைப் பழக்கம். அதை விடவேண்டும். இடுப்பு அறுவைக்குப் பின் ஊசியோ மாத்திரையோ 35 நாள் வரைகூடத் தொடரலாம். எத்தனை நாள் என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தைலம் தேய்த்து நீவிவிடாதீர்கள். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் என்றால் உடனே 108. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊசி போட்டும் சிலருக்கு உறையும். அதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அபாயத்தைக் கணிக்காததும், சொன்ன பிறகும் வந்து பார்க்காததும் வேறு. சிகிச்சைப் பதிவுகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். உதகையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

அம்மாவின் பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். முதல் மூன்று நாள் ஊசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. என் அளவுக் குறிப்பேட்டில், ரவிக்கை அளவுகளுக்கு நடுவே, தேதியும் நேரமும் போட்டு 13, 14½ என்று இருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.