வெள்ளி சாயங்காலம் ஒரு ரீடிங், திங்கள் காலை ஒரு ரீடிங்

பள்ளிக்கூடத்தில் கரண்ட்டை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்கிறவர்களிடம், முதலில் எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. என்னையும் சேர்த்து இரண்டே டீச்சர், மூன்று அறை, எட்டு ஃபேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை பிரேயருக்கு முன்னால் மறுபடி பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை 4184, 4190 என்று வந்தது. பூட்டிக் கிடந்த பள்ளி, 65 மணி நேரத்தில் ஆறு யூனிட் தின்றிருக்கிறது. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியானால் ஏறக்குறைய 90 வாட் விடாமல் ஓடியிருக்கிறது. “பேய், டீச்சர்” என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

பேயைப் பிடிக்க மீட்டரிலேயே வழி உண்டு. எலக்ட்ரானிக் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். எங்கள் மீட்டரில் 3200 மினுக்கு ஒரு யூனிட். உங்களுடையதில் எவ்வளவு என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். 75 வாட் பழைய ஃபேன் என்றால் எங்கள் மீட்டர் 15 விநாடிக்கு ஒரு தடவை மினுக்கும். பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். வகுத்தல் கணக்கு நடத்தின மாதிரியும் ஆச்சு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மினுக்கினால் எங்கோ ஏதோ ஓடுகிறது.

எங்கள் பேய் பின்பக்க வராந்தாவில் இருந்தது. வேப்பங்கிளை மறைத்த பழைய சோக் ட்யூப்லைட், 50 வாட், இரவு பகலாக எரிந்திருக்கிறது. மீதி, யூபிஎஸ்ஸும் தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும். ட்யூப்லைட்டை மாற்றி 20 வாட் எல்இடி போட்டோம், அதற்குத் தனி சுவிட்சும் வைத்தோம். கம்ப்யூட்டரை பிளக்கிலேயே அணைக்கிறோம்.

அடுத்தது ஃபேன். எட்டும் ஆறு மணி நேரம் சுற்றினால் நாளைக்கு 3.6 யூனிட். பிரேயர், சாப்பாடு, விளையாட்டு நேரத்தில் ஆளில்லாமல் சுற்றுவதுதான் பெரிய நஷ்டம். சுவிட்ச் பக்கத்தில் 1, 2, 3 என்று பெயிண்டில் எழுதி, அதே எண்ணை ஃபேனுக்கு நேர்மேலே கூரையிலும் எழுதினோம். இல்லாவிட்டால் ஒன்றை அணைக்க ஆறையும் தட்டிப் பார்க்கும் கூத்துதான். எப்படியும் தரையில் வட்டமாக உட்காருகிற பிள்ளைகள்; இரண்டு ஃபேனுக்கடியில் கூட்டி உட்காரவைத்தால் மற்றதை நிறுத்தலாம். பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் பெரிதாக மிச்சமில்லை, அந்தக் கரண்ட் சூடாகப் போய்விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மலிவு, மாற்றிவிடுங்கள். ஃபேன் கெட்டுப்போய் புதிது வாங்கும்போது 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாகக் கேளுங்கள். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கும், எவ்வளவு கரண்ட் மிச்சம் என்று காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள். ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம்.

ஒன்று முக்கியம். பிள்ளைகள் காய்ந்த கையோடு சுவிட்சைத் தட்டலாம், அவ்வளவுதான். தண்ணீர் மோட்டார், மெயின், பிளக் எல்லாம் பெரியவர்கள் வேலை.

மோட்டார் அதிக நேரம் ஓடினால் கழிவறைக் குழாயைப் பாருங்கள். எங்களுக்கு ஒரு வாஷர்தான் பிரச்சினை; நாளைக்கு இரண்டு தடவை டேங்க் நிரப்பிக்கொண்டிருந்தோம்.

கான்கிரீட் கூரையாக இருந்தால், மார்ச் பிறப்பதற்குள் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் வெள்ளை சிமெண்ட் கலந்து இரண்டு கோட் அடியுங்கள். மதியத்தில் அறை இறுக்கம் குறைவதை நின்றாலே உணரலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொன்னால் பெற்றோரில் யாராவது பெயிண்டர் இருப்பார், எங்களுக்கு இருந்தார். சமையல் கேஸுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டைக்கடலையை முந்தின நாளே ஊறப்போடு என்று எனக்குச் சொல்லித் தந்ததே சத்துணவு ஆயாம்மாதான்.

கோடை விடுமுறைக்கு மெயினையே இறக்கிவிட்டு வரலாம். ஆனால் யூபிஎஸ் பேட்டரியை மறந்துவிடாதீர்கள். ஒரு வருடம் நான் சாமர்த்தியமாக எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனேன், ஜூனில் திறந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போயிற்று. இப்போது மே நடுவில் ஒருநாள் போய் சார்ஜ் போட்டு, நோட்டில் ரீடிங்கும் எழுதிவிட்டு வருகிறேன்.